தறி நெய்த ஸ்பீக்கர்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று லீலாவுக்குப் பயம்.

கண்ணமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில், மேளக்காரர்கள் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாத்தனார் ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. முதல்ல அண்ணன் உங்களப் பத்தி ஒண்ணு சொன்னாரு. அப்புறம் அவரே நேர்மாறா ஒண்ணு சொன்னாரு. அந்தப் பத்து நாளா உங்க வூட்ல இன்னாதான் நடந்துச்சு?"

கேட்டது ஒரு கேள்விதான். லீலாவிடம் ஒன்பது பதில் இருந்தது. முதலிலிருந்து சொன்னால் ஸ்பீக்கரில் தொடங்க வேண்டும். நடுவிலிருந்து சொன்னால் போண்டாவில் தொடங்க வேண்டும். ஏழாவதோடு படிப்பை விட்டவள் அவள். படித்த காலத்திலும் பதில் தெரிந்து எழுந்து நிற்பாள், தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாமலே உட்கார்ந்துவிடுவாள். இப்போது புருஷனைப் பற்றி அவர் தங்கையிடமே சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடினால் அவர் மானம் போகும். ஒரு வார்த்தை குறைந்தால் தன் மானம் போகும்.

"அப்புறம் சொல்றேன் ஆதி. ரசத்துல பெருங்காயம் போட்டாங்களான்னு பாத்துட்டு வரேன்" என்று நழுவிவிட்டாள்.

அவள் சொல்லாததை நாம் சொல்லிவிடலாம்.

ஆரணியில் கமலக்கண்ணன் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. முன்னால் கூடம், நடுவில் சமையற்கட்டு, கடைசியில் தறி இருக்கும் அறை. தறி அறைக்கு ஒரு பின்கதவு. அதைத் திறந்தால் சந்து. கமலக்கண்ணன் தறிக் குழியில் காலை இறக்கி நெய்ய ஆரம்பித்தால் டக், டக் என்று டப்பாவில் இருக்கும் கடுகு வரைக்கும் அசையும். சமையற்கட்டில் எந்த வேலை செய்தாலும் லீலாவின் ஒரு காது அந்தச் சத்தத்தில்தான் இருக்கும். சத்தம் நின்றால் "இன்னாங்க, இழை அறுந்துச்சா?" என்பாள். இன்னும் கொஞ்சம் நின்றால் "இன்னாங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்பாள். ஒரு நிமிடம் ஆகிவிட்டால் கரண்டியோடு வாசலில் நிற்பாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் கமலக்கண்ணன் தறியில் ஒரு கொட்டாவியை முழுசாக விட்டதில்லை.

அவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாமல்தான் இருந்தது, பக்கத்து வீட்டு வீரபாகு கேரம் போர்டு வாங்கும் வரைக்கும். வீரபாகு அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் பூராவும் பவுடரைத் தூவிவிட்டு எதிர் ஆளுக்காகக் காத்திருப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் காய் குழியில் விழும் சத்தம், இந்தப் பக்கம் கமலக்கண்ணனுக்குத் தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆதிலட்சுமியின் மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. லீலா வாயைக் கொடுத்ததும் அங்கேதான். நிச்சயதார்த்தப் பந்தியில் நாற்பது பேர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தபோது, "முகூர்த்தப் புடவை எங்க தறியிலதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சனிக்கிழமைக்குள்ள தறியிலருந்து அறுத்துக் குடுத்துடறோம். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். நாற்பது பேரும் அப்பளத்தை நிறுத்திக் கேட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை தவறினால் அந்த நாற்பது பேரும் அவள் சாகும்வரை இதைச் சொல்வார்கள். செத்த பிறகும் பதினாறாம் நாள் பந்தியில் சொல்வார்கள்.

பொங்கல் முடிந்த மறுநாள் வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்தது. தறியில் புடவை பாதிதான் ஏறியிருந்தது. அறுப்பதற்கு இன்னும் பத்து நாள்.

"இன்னாங்க இது?"

"ஹோம் தியேட்டர். முன்னாடி மூணு ஸ்பீக்கர், பின்னாடி ரெண்டு. பாட்டு கேட்டுகினே நெய்தா கை தானா ஓடும். உன் புடவை ரெண்டு நாள் முன்னாடியே முடியும் பாரு."

"பின்னாடின்னா எங்க?"

"பின்னாடின்னா பின்னாடிதான். தறி ரூம்ல."

லீலா கூடத்தையும் தறி அறையையும் பார்த்தாள். நடுவில் அவளுடைய அடுப்பு இருந்தது.

"ஒயரு என் அடுப்புக்கு மேலயா வரும்? எலி கடிச்சா இன்னா பண்றது? தாளிக்கும்போது எண்ணெ தெறிச்சா? ஈரக்கையோட நான் தொட்டுட்டா?"

"நீ ஏன் தொடப்போற?"

"பயத்துல தொட்டுடுவேங்க."

கமலக்கண்ணன் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்த கடைக்குப் போய் சோப்பு டப்பா அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகளோடு வந்தார். ஒன்று அனுப்புமாம், ஒன்று வாங்குமாம்.

"ஒயரே கிடையாது. ஒயர்லெஸ். கூடத்துல இருந்து தறி ரூமுக்கு பாட்டு காத்துலயே போவும்."

"சமையக்கட்டு காத்துலயா?"

"வேற எந்த காத்துல?"

"அப்ப குழம்ப மூடி வச்சுடட்டுமா?"

பொருத்துவதற்கு ஒரு பகல் பிடித்தது. கூடத்துப் பெட்டிக்கு ஒரு ப்ளக், அதிலிருந்து டிவிப் பக்கம் ஒரு ஒயர். தறி அறைப் பெட்டிக்கு ஒரு ப்ளக், அதிலிருந்து இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலது ஸ்பீக்கருக்கு ஒன்று. ப்ளக் எட்டாததால் ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர். லீலா விரல் விட்டு எண்ணினாள்.

"ஏங்க, ஒயர்லெஸ்ஸுக்கு ஆறு ஒயரு கீது."

"அதெல்லாம் சின்ன ஒயரு. கணக்குல வராது."

பெட்டியில் நீல விளக்கு மினுக்கியது. ஒரு பெண் குரல் தெளிவாக "கனெக்டட்" என்றது. லீலா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு?"

"பொட்டிக்குள்ள கீறவ. சேர்ந்தா சொல்லுவா, பிரிஞ்சா சொல்லுவா. நீ போய் வேலையப் பாரு."

அந்தப் பெட்டிக்கு இன்னொரு குணமும் இருந்தது. கூடத்துப் பெட்டியோடு சேர்வது போலவே கையில் இருக்கும் போனோடும் சேரும். சேர்ந்துவிட்டால் போனில் என்ன ஓடுகிறதோ அது ஸ்பீக்கரில் ஓடும். சரிபார்க்க வேண்டும் என்று கமலக்கண்ணன் போனைத் தேய்த்தார். முதலில் கையில் தட்டுப்பட்டது, தங்கைக்கு அனுப்பலாம் என்று போன வெள்ளிக்கிழமை தறியை எடுத்த வீடியோ. போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, நிறுத்த மறந்து, கால் மணி நேரம் நெய்திருந்தார்.

டக், டக் என்று இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் எழுந்தது. சமையற்கட்டிலிருந்து லீலா குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, அதுக்குள்ள நெய்ய ஆரம்பிச்சிட்டீங்களா?"

கமலக்கண்ணன் அப்படியே நின்றார். இருபத்தாறு வருஷத்தில் பெண்டாட்டி சொன்ன எதையும் அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"ஆமா லீலா" என்றார். குரல் தேனாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் ஒரு மணி நேரம் ஒழுங்காக நெய்தார். மதியச் சாப்பாடு ஆனதும் அறிவித்தார். "இனிமே மத்தியானத்துல கதவ சாத்திகினுதான் நெய்யப்போறேன். பார்டர்ல எண்ணிக்கை ஜாஸ்தி. நீ பேச்சு குடுத்தா எண்ணிக்கை போயிடும். காபி வேணாம், தண்ணி வேணாம், கூப்புடவே வேணாம்."

கதவு மூடிக்கொண்டது. தாழ் விழுந்தது. தறி ஓட ஆரம்பித்தது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. லீலாவுக்கு முதல் இரண்டு நாள் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. கொல்லைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து வீரபாகு மனைவி தனகோடியிடம், "மிஷின் தோத்துடும்க்கா. மூச்சு விடாம நெய்யறாரு" என்றாள்.

"எங்க வூட்ல கீறது மூச்சு மட்டுந்தான் விடுது" என்றாள் தனகோடி.

முதல் இரண்டு நாள் தார்க் கூடையை அவரே எடுத்து ஒதுக்கிவிட்டார், மூன்றாம் நாள் சாயங்காலம் லீலா எடுத்தாள். தார் என்றால் குறுக்கே ஓடும் பட்டு நூலைச் சுற்றிய குச்சி. தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் மர நாடாவுக்குள் ஒன்றைப் போட்டால் பத்து நிமிடம் வரும். தீர்ந்ததும் தறியை நிறுத்தி அடுத்ததைப் போட வேண்டும். தினமும் காலையில் ராட்டையில் இருபது தார் சுற்றிக் கூடையில் வைப்பது லீலாவின் வேலை. சாயங்காலம் வெறும் குச்சிகள்தான் திரும்பி வரும்.

கூடையில் பதினான்கு தார் சுற்றியது சுற்றியபடி இருந்தது.

லீலா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். காலையில் முப்பத்து நாலு சுற்றிவிட்டோமா? பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். மதியம் பூராவும் தறி ஓடியது. நூல் தீரவில்லை. அப்படியென்றால் நூல் இல்லாமலே புடவை நெய்கிறாரா? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக அவள் ஒரு தடவைகூட "இழை அறுந்துச்சா?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியே வரவில்லை. பட்டு இழை மூன்று நாள் அறுபடாமல் ஓடும் தறி ஆரணியில் எங்கே இருக்கிறது?

நான்காம் நாள் மதியம் சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். டக், டக், டக். நடுவில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏங்க, நான் தயிருக்குப் போய்ட்டு வரேன். அடுப்புல பால் கீது. பொங்கிடப் போவுது, பாத்துக்கோங்க."

லீலா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. ஆனால் குரல் அவளுடையது. ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தாள். பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. திரும்பி வந்து நின்றாள். கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்த லீலா மறுபடி தயிருக்குப் புறப்பட்டாள். மூன்றாவது தடவை அவள் புறப்பட்டபோது வெளியே இருந்த லீலாவுக்குப் பயம் போய் நினைவு வந்தது. அந்தத் தயிர் வாங்கியது பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. போன் ஜன்னலில் நின்ற அதே வெள்ளிக்கிழமை.

வாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி, சந்துக்குப் போனாள். தறி அறையின் பின்கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே குழி காலி. நாடா நீட்டியிருந்த பாவு நூல்மேல் அசையாமல் படுத்திருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் தொங்கிய ஸ்பீக்கர்கள் மட்டும் மும்முரமாக நெய்துகொண்டிருந்தன. புடவையைப் பார்த்தாள். பார்டரில் முன்தினம் பார்த்த மயிலுக்கு மேல் இரண்டே மயில் கூடியிருந்தது. அவரைத் தேடிப் போகவே தேவையில்லை. வீரபாகு வீட்டிலிருந்து கேரம் காய் குழியில் விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து தன் புருஷன் சிரிக்கும் சத்தமும் சுவர் வழியாகவே வந்தது.

அப்போது தறி நின்றது. 'டிங்' என்றது. ஸ்பீக்கரில் ஆதிலட்சுமி பேசினாள். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கமலக்கண்ணன் வாட்ஸ்அப்பில் அவள் பேசி அனுப்பியதைத் திறந்திருக்கிறார். போனில் வந்தது எல்லாம் பெட்டிக்கு வந்தது.

"அண்ணே, நீ சொன்னத நெனச்சா பேஜாராக் கீது. அண்ணி தாரே சுத்திக் குடுக்கறதில்ல, நாள் பூரா சீரியல் பாத்துகினு கீறாங்கன்றியே. நாப்பது பேர் முன்னாடி நான் பொறுப்புன்னு சொன்னவங்க. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். வரலன்னா கடையில ஒண்ணு எடுத்துக்கறோம். யாரு கேட்டாலும் அண்ணி கைவிட்டுட்டாங்கன்னுதான் சொல்லணும். வேற இன்னா சொல்றது?"

மறுபடி 'டிங்'. காலித் தறி விட்ட இடத்திலிருந்து நெய்யத் தொடங்கியது.

லீலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏமாற்றியதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நூல் சுற்றிச் சுற்றி விரலில் காய்ப்பு ஏறியிருக்கிறது, தார் சுற்றவில்லை என்று சொல்லிவிட்டாரே. சீரியல் பார்க்கிறாளாம். அந்த ஹோம் தியேட்டர் வந்த நாளிலிருந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் டிவிப் பக்கமே அவள் போகவில்லை.

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டால் தறியில் இறங்க மாட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் "முந்தியில ஒரு பூ கோணலாக் கீதுங்களே" என்று ஒரே ஒரு தடவை கேட்டதற்கு, சந்தவாசலில் சித்தப்பா வீட்டில் போய் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தவர். இப்போது மிச்சம் இருப்பது ஐந்து நாள். ஆகவே கேட்கவும் கூடாது, விடவும் கூடாது. பிடிபட்டது அவருக்குத் தெரியக்கூடாது, ஆனால் இனி நகரவும் கூடாது.

லீலா வீட்டுக்குள் வந்து உளுந்தை ஊற வைத்தாள். பயம் வந்தால் அவளுக்கு எதையாவது ஊற வைத்தாக வேண்டும்.

மறுநாள் மூன்று மணிக்கு போண்டா தயாரானது. தறி உள்ளே கடகடவென்று ஓடியது. லீலா சாத்திய கதவுக்கு எதிரே நின்று, பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏங்க, போண்டா சாப்புடறீங்களா?"

டக், டக், டக்.

"வேணாமா? வேலைதான் முக்கியமா? சரிங்க. சூடு ஆறிடும், வீரபாகு அண்ணன் வூட்டுக்கு எடுத்துகினு போறேன்."

அந்த வீட்டுப் பக்கம் நாற்காலி ஒன்று உருண்ட சத்தம் கேட்டது. ஒரு கதவு அறைந்து மூடிக்கொண்டது. லீலா பத்து எண்ணிவிட்டு, தட்டை மூடி எடுத்துக்கொண்டு, நிதானமாகப் போனாள்.

கூடத்தின் நடுவில் கேரம் போர்டு. ஒரு பக்கம் வீரபாகு. எதிர்ப்பக்கம் காலி நாற்காலி. இரண்டு டம்ளரில் டீ ஆவி பறந்தது.

"யாரு கூடண்ணே ஆடிகினு கீறீங்க?"

"தனியாதாம்மா. ரெண்டு பக்கமும் நானே."

"யாரு ஜெயிக்கறாங்க?"

"அந்தப் பக்கம்" என்றார் வீரபாகு, கொஞ்சம் வருத்தமாக.

"டீயும் நீங்களேதான் ரெண்டா?"

"அந்தப் பக்கம் போய் உக்காரும்போது அதக் குடிப்பேன்."

மத்தியானம் பூராவும் உள்ளறையில் தூங்கும் தனகோடி தோளில் துண்டோடு எழுந்து வந்தாள். "யாரு பாத்ரூம்ல உள்தாழ் போட்டது? நான் குளிக்கணும்."

"தாழ்ப்பா தானா விழுந்துடுச்சு. துரு" என்றார் வீரபாகு. "அப்புறம் குளி. போண்டா சாப்புடு."

லீலா ஒரு நாற்காலியை இழுத்து, குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "இங்கதான்க்கா காத்து வருது."

அந்தக் குளியலறைக்குச் சந்துப் பக்கமும் ஒரு கதவு உண்டு. ஆனால் திறந்தால் தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிடும். அது லீலாவுக்கும் தெரியும், உள்ளே இருந்தவருக்கும் தெரியும்.

"கேளுங்கக்கா அந்தத் தறிச் சத்தத்த. பாவம், அஞ்சு நாளா இப்டித்தான். போண்டாகூட வேணாம்னுட்டாரு. தேங்காய்ப் பல்லு போட்டு, மிளகு தட்டிப்போட்டு, அவருக்குப் புடிக்குமேன்னு செய்தது."

உள்ளே யாரோ எச்சில் விழுங்கியது போல இருந்தது.

"கேளு" என்றாள் தனகோடி புருஷனிடம். "அவரும் ஆம்பள. நீயும் கீறியே."

வீரபாகு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். அது எங்கேயோ போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, நான் தயிருக்குப் போய்ட்டு வரேன். அடுப்புல பால் கீது..."

தனகோடியின் போண்டா பாதி வழியில் நின்றது. லீலாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி லீலாவைப் பார்த்தாள்.

"லீலா, நீ இங்க கீற. உன் குரல் அங்க கேக்குது."

"ஆமாக்கா. வூட்ல அவ்ளோ வேலை. ரெண்டு பேரா இருந்தாத்தான் முடியுது."

வீரபாகு பவுடர் டப்பாவைத் திறந்து டீயில் போட்டுக்கொண்டார்.

லீலா எழுந்திருக்கவில்லை. ஆதிலட்சுமி வீட்டுப் பந்தலைப் பற்றிப் பேசினாள், மாப்பிள்ளையின் அத்தையைப் பற்றிப் பேசினாள், உளுந்து விலையைப் பற்றிப் பேசினாள். உள்ளேயிருந்து அவ்வப்போது "பட்" என்று கேட்டது.

"அது இன்னாண்ணே?"

"தண்ணி சொட்டுதும்மா."

"பட்டுன்னா சொட்டும்?"

"எங்க வூட்டுத் தண்ணி அப்டித்தான்."

அடுத்த வீட்டு லீலா நான்கு தடவை தயிருக்குப் போனாள். ஐந்தாவது தடவை கிளம்பும் முன்னால் தறிக்குள் 'பீப், பீப்' என்று ஏதோ கூவியது. போனில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். தறி சட்டென்று நின்றது. இரண்டு வீட்டிலும் அமைதி. அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு பெண் குரல் மணி மணியாக "டிஸ்கனெக்டட்" என்றது.

"லீலா" என்றாள் தனகோடி மெதுவாக. "உங்க தறி ரூம்ல ஒரு பொம்பள கீறா. இங்கிலீஷ்ல பேசறா."

லீலா எழுந்து நின்றாள். அங்கே ஆளே இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. இருபத்தாறு வருஷமாகத் தறி நின்றால் ஓடுகிற கால். அதனால் அவள் கத்தியதில் பாதி நிஜமாகவே இருந்தது.

"தறி நின்னுடுச்சே. ஏங்க, நெஞ்சு வலிக்குதா? அண்ணே, ஓடிவாங்க. அக்கா, தெருவுல கீறவங்களக் கூப்புடுங்க. ஜல்தி."

குளியலறைக்குப் பின்னால் கிறீச் என்றது.

லீலா வாசலில் செருப்பைத் தேடினாள். ஒன்று உடனே கிடைத்தது. இன்னொன்று அதன் பக்கத்திலேயே கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் தேடினாள்.

அவர்கள் மூவரும் வீட்டுக்குள் நுழையும்போது தறி ஓடிக்கொண்டிருந்தது. டக். டக்டக். டக். கதவும் திறந்திருந்தது. குழியில் கமலக்கண்ணன். முகத்தில் கொசு கடித்துத் தடித்த இடங்கள். மூச்சு தறியைவிடச் சத்தமாக ஓடியது.

"அந்தப் பொம்பள எங்க?" என்றாள் தனகோடி.

"எந்தப் பொம்பள?"

"இங்கிலீஷ்காரி."

லீலா அதற்குள் நாடாவை அவர் கையிலிருந்து பிடித்து நிறுத்தியிருந்தாள். அரக்குப் பட்டில் படாமல் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கை இன்னாங்க வெள்ளையாக் கீது?"

"வேர்வைக்கு... பவுடர் போட்டேன்."

"பாவம். வேலை மும்முரத்துல மூஞ்சிக்குப் போடறதக் கைக்குப் போட்டுகினீங்க."

ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வீரபாகு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்ளோ மூச்சு வாங்குதே" என்றாள் லீலா. "எல்லாம் என் தப்பு. தனியா வுட்டுட்டேன். இனிமே வுட மாட்டேன்."

பின்கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ராட்டையைத் தூக்கிவந்து வாசற்படிக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு இங்க?" என்றார் கமலக்கண்ணன்.

"நெஞ்சு வலி சொல்லிட்டா வரும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல லீலா. நீ போய் சீரியல் பாரு."

"அதுக்குத்தான் நீங்க பின்னாடி ஸ்பீக்கர் வச்சிருக்கீங்களே. இங்கருந்தே கேட்டுக்கறேன்."

மிச்சமிருந்த நாள் பூராவும் அப்படித்தான் போனது. அவர் குழியில், அவள் படியில். ஒரு தார் தீர்ந்தால் அடுத்த தார் அவர் கைக்கு நீளும். தறி நின்றால், "வலிக்குதா? டாக்டர்கிட்ட போலாமா? இடுப்புல ஊசி போடுவாராம்" என்பாள். கமலக்கண்ணனுக்கு ஊசி என்றால் ஆகாது. தறி உடனே ஓடும். பக்கத்து வீட்டில் வீரபாகு இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து நிஜமாகவே தனியாக ஆடினார். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் புடவை தறியிலிருந்து இறங்கியது. மயில்கள் ஒன்றுகூடக் கோணவில்லை.

"ஆதிக்கு நீங்களே சொல்லிடுங்க" என்று லீலா போனை எடுத்துக் கொடுத்தாள். "எனக்குத் தப்பாச் சொல்லிடுவோமோன்னு பயம். நாளுக்கு இருபது தார் நான் சுத்திக் குடுத்தேன்னு மட்டும் சேத்துச் சொல்லுங்க. அது பொய் இல்லியே."

கமலக்கண்ணன் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வழக்கமான கவலைதான் இருந்தது. போனை வாங்கி அப்படியே சொன்னார். லீலா பக்கத்தில் நின்று முழுதும் கேட்டாள்.

அவள் பேர் காப்பாற்றப்பட்டது. ஆனால் கவலைப்படுகிறவளுக்கு ஒரு கவலை போனால் அந்த இடம் காலியாக இருக்காது. கல்யாணம் முடிந்து வந்தால் தறியில் அடுத்த பாவு ஏறும். அடுத்த புடவைக்கும் ஒரு தேதி இருக்கும். சுவரில் அந்த நீல விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருக்கும். இருக்கிற ஒரு வாரத்தில் பத்திரத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்கு ஆள் வருவார்கள் என்று சொல்லி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தாள்.

"ஸ்பீக்கரெல்லாம் எங்க?" என்றார் கமலக்கண்ணன்.

"தூசு படுமேன்னு பொட்டியில போட்டு வச்சிட்டேன். பத்திரமாக் கீது."

"எங்க கீது?"

"பத்திரமான எடத்துல."

கல்யாணத்தன்று தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் நுழைந்தது. முன்னால் மேளம். அதன் பின்னால் முறுக்கு, பழம், பூ, மஞ்சள் என்று ஒன்பது தட்டு. கடைசியில் பூப்போட்ட காகிதம் ஒட்டிய ஒரு பெரிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீரபாகு வந்தார். கமலக்கண்ணன் கண்ணில் அவர் கண் படவே இல்லை.

"அது இன்னா பொட்டி லீலா?"

"சீர்ங்க. தாய்மாமன்னா சும்மாவா?"

மணமேடையில் தேவிப்ரியா அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நாற்பது பேரும் முன் வரிசையில் இருந்தார்கள். கமலக்கண்ணன் பட்டு வேட்டியில், நெஞ்சை நிமிர்த்தி, அவர்களுக்கு நடுவில் நின்றார். மைக் பிடித்தவர் தொண்டையைச் செருமினார்.

"ஆரணி கமலக்கண்ணன், லீலா தம்பதியர் தாய்மாமன் சீர். சொந்தத் தறியில் நெய்த முகூர்த்தப் பட்டு ஒன்று. எவர்சில்வர் அண்டா ஒன்று. ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டர் ஒன்று, பின் ஸ்பீக்கர் இரண்டும் ஒயர்லெஸ்."

மண்டபமே கைதட்டியது. கமலக்கண்ணன் மட்டும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். எல்லாரையும்விடப் பலமான கைதட்டல் அவருக்குப் பின்னால் நின்ற லீலாவிடமிருந்துதான் வந்தது.